பதினைந்தாம் எண் பில் இரண்டு

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு பையன் இருக்கிறான். செங்கல்பட்டைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பகலில் கல்லூரி, சாயங்காலம் ஒரு பயிற்சி நிலையம். சிறுசேரி சிப்காட்டில் வேலை வாங்கித் தரும் படிப்பு என்று சொல்லி அங்கே ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொடுக்கிறார்கள். அவனுடைய அப்பா அதற்காக நகையை வைத்துப் பணம் கட்டியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

அவனுடைய தாய்மாமனுக்கு மாமல்லபுரம் போகும் சாலையில் ஒரு சிற்பக் கூடம். ஆறேழு பேர் உளி பிடிக்கிறார்கள். பில் எழுதுவதும் ஆர்டர் குறிப்பதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில். "இதைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுடா" என்று மாமன் கேட்க, பையனும் ஆசையாகச் செய்துகொடுத்தான். முதல் நாளே மானம் போயிற்று. திண்டிவனத்துக்காரர் கேட்ட இரண்டடிப் பிள்ளையாரும், கடற்கரை விடுதிக்காரர் கேட்ட புத்தரும், பள்ளிக்கூடத்துக்காரர் கேட்ட திருவள்ளுவரும் எல்லார் கணக்கிலும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதே நேரத்தில், எல்லாருடைய பில்லிலும் எண் 1 என்றே விழுந்தது.

கவனியுங்கள். ஆர்டர் பட்டியல் ஆளுக்கு ஆள் தனியாக இருக்க வேண்டியது. அது பொதுவாகிவிட்டது. பில் எண் எல்லாருக்கும் பொதுவாக ஓட வேண்டியது. அது தனித்தனியாகிவிட்டது. இரண்டையும் பையன் ஒரே இடத்தில், ஒரே மாதிரிதான் எழுதியிருந்தான்.

பயிற்சி நிலையத்தில் கேட்டிருக்கிறான். "அது ஜாவாஸ்கிரிப்ட்டின் கோளாறு. பழைய பாணியில் எழுதாதே, கிளாஸ் போட்டு எழுது, சரியாகிவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்பதெல்லாம் உனக்கு எதற்கு?" என்று பதில் வந்ததாம். பையன் என்னிடம் வந்து, "தாத்தா, எனக்கு இது வராது போலிருக்கிறது. மாமாவோடு கல் உடைக்கப் போய்விடலாமா என்று பார்க்கிறேன்" என்றான். கல்லில் உருவம் கொண்டுவருவது அவ்வளவு சுலபமா என்று முதலில் அவனைத் திட்டினேன். பிறகுதான் அந்தப் பதிலைப் பற்றி யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கோபம் வந்தது. இந்தப் பதிவு அந்தக் கோபத்தில் எழுதியது.

"உனக்கு எதற்கு" என்ற பதிலை நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கேட்டவன். அதைச் சொல்பவருக்கு விஷயம் தெரியாது என்பதுதான் பெரும்பாலும் அதன் அர்த்தம்.

நான் கம்ப்யூட்டர்காரன் இல்லை. ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு அலுவலகத்தில் மேசைக்கு மேல் கொண்டுவந்து வைத்தார்கள், கற்றுக்கொண்டேன். இந்த விஷயத்தைப் படிக்க எனக்குக் கைகொடுத்தது என் பள்ளிக்கூடப் பிரெஞ்சு. மோஸில்லா நிறுவனத்தின் ஜாவாஸ்கிரிப்ட் விளக்கப் பக்கங்கள் பிரெஞ்சிலும் இருக்கின்றன. மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இதைத்தானே நாம் சம்பளப் பட்டியல் பிரிவில் காலம் முழுக்கச் செய்தோம்!

என் வயதுக்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு பணிப்பதிவேடு உண்டு. பிறந்த தேதி, சேர்ந்த தேதி, அடிப்படைச் சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் பஞ்சப்படி விகிதம் அதில் இருக்காது. அது அரசாணையில் இருக்கும். ஒரு ஊழியரின் பஞ்சப்படி என்ன என்று கேட்டால், முதலில் அவர் பதிவேட்டைப் பார்ப்போம். அதில் இல்லையென்றால் அலுவலகக் கோப்பைப் பார்ப்போம். அதிலும் இல்லையென்றால் அரசாணைக்குப் போவோம். அங்கே கிடைக்கும். விகிதம் உயர்ந்தால் அந்த ஓர் ஆணை மாறும், ஆயிரம் பேருக்கும் தானாக உயரும். ஆயிரம் பதிவேட்டைத் திருத்த வேண்டியதில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் இப்படித்தான் வேலை செய்கிறது. அதில் ஒரு 'ஆப்ஜெக்ட்' என்பது ஒரு பதிவேடு. அதற்குப் பின்னால் இன்னொரு ஆப்ஜெக்ட் நிற்கிறது. அதற்குப் பெயர் புரோட்டோடைப், முன்மாதிரி. கேட்டது தன்னிடம் இல்லையென்றால் முன்மாதிரியிடம் போய்ப் பார்க்கும். அதனிடமும் இல்லையென்றால் அதன் முன்மாதிரியிடம் போகும். சங்கிலி முடிகிற வரை தேடும்.

இதுவரை எல்லா ஆசிரியர்களும் சொல்லிவிடுகிறார்கள். சொல்லாமல் விடுவது அடுத்த பாதி. படிக்கும்போது மேலே போகும், எழுதும்போது போகாது. எழுதுவது சாதாரணமாகத் தன் பதிவேட்டில்தான் விழும்.

இதற்கும் நம் அலுவலகத்தில் உதாரணம் உண்டு. நான் கண்ணால் பார்த்தது. ஒருவருடைய கணக்குத் தாளில், வசதிக்காக என்று யாரோ பஞ்சப்படி விகிதத்தை எழுதி வைத்துவிட்டார்கள். அன்றைக்கு அந்த எண் சரிதான். அடுத்த முறை அரசாணையில் விகிதம் உயர்ந்தது. அலுவலகத்தில் எல்லாருக்கும் உயர்ந்தது, அவருக்கு மட்டும் உயரவில்லை. பட்டியல் போட்டவர் தாளைப் பார்த்தார், எண் இருந்தது, மேலே போய்ப் பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்து அவரே பக்கத்து மேசைக்காரரின் சீட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். நிலுவை வாங்க அவர் நடந்த நடை தனிக்கதை.

பையனின் பில் எண்ணுக்கு நடந்தது அதுவேதான். முன்மாதிரியில் 'பில் எண் 0' என்று வைத்திருந்தான். திண்டிவனத்துக்காரர் பில் போடும்போது, "இருக்கும் எண்ணோடு ஒன்று கூட்டி வை" என்று கட்டளை. இருக்கும் எண்ணை முன்மாதிரியில் படித்தது: 0. ஒன்று கூட்டியது. விடையைத் திண்டிவனத்துக்காரரின் சொந்தப் பதிவேட்டில் எழுதியது: 1. முன்மாதிரியில் 0 அப்படியே இருக்கிறது. அடுத்து விடுதிக்காரர் வந்தார். அவருக்கும் 0 படித்து, 1 எழுதிக்கொண்டது. ஆளுக்கு ஒரு 1. எந்த இயந்திரமும் கெட்டுப்போகவில்லை.

பட்டியலுக்கு மட்டும் ஏன் தலைகீழாக நடந்தது? பஞ்சப்படிக்குப் பதிலாக அந்த அரசாணையில், "செலவை எல்லாம் பீரோவில் இருக்கும் நீல நோட்டில் எழுது" என்று இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் மேலே போய் ஆணையைப் படிக்கிறார்கள், நீல நோட்டு என்று தெரிந்துகொள்கிறார்கள், போய் அந்த நோட்டுக்குள் எழுதுகிறார்கள். யாரும் 'எந்த நோட்டு' என்பதை மாற்றவில்லை. ஆகவே யாருடைய பதிவேட்டிலும் புதிதாக எதுவும் விழவில்லை. நோட்டு ஒன்றுதான், எல்லாருடைய கையெழுத்தும் அதற்குள் இருக்கிறது. பிள்ளையாரும் புத்தரும் வள்ளுவரும் ஒரே பக்கத்தில் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இதை அவனுக்குச் சொல்ல எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும்தான் செலவு. இருபது நிமிடத்தில் சொல்லக்கூடியதைக் கோளாறு என்று சொல்லி அனுப்பியதுதான் என் முதல் குற்றச்சாட்டு. கோளாறு என்றால் எப்போது வரும், எப்போது வராது என்று சொல்ல முடியாது. இதுவோ ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடப்பதற்கு விதி என்று பெயர். அதைக் கோளாறு என்று கற்பித்தால் பையன் இயந்திரத்தைக் கண்டு பயப்படுவான், இல்லையென்றால் தன் மூளையின் மேல் சந்தேகப்படுவான். இவன் இரண்டாவதைச் செய்தான்.

இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் பெரியது. "கிளாஸ் போட்டு எழுது, சரியாகிவிடும்" என்றார்களே, சரியாகவில்லை.

கிளாஸ் என்ற எண்ணம் நார்வேயில் பிறந்தது. ஊலே-யோஹான் தால், கிறிஸ்டன் நுகார்ட் என்ற இருவர் செய்த சிமுலா 67 என்ற மொழியில் வந்தது. கிளாஸ் என்பது ஒரு வரைவு, ஆப்ஜெக்ட் என்பது அந்த வரைவின்படி செய்த பொருள். வரைவு வேறு, பொருள் வேறு. ஜாவா அந்த வழியில் வந்த மொழி. 1986இல் டேவிட் உங்கார், ராண்டல் ஸ்மித் என்ற இருவர் ஸெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் செல்ஃப் என்ற மொழியை வடிவமைத்தார்கள். வரைவு என்று தனியாக ஒன்று எதற்கு, பொருளே இன்னொரு பொருளுக்கு மாதிரியாக இருக்கட்டும் என்பது அவர்கள் கொள்கை. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட்டைச் செய்தபோது, செல்ஃபிலிருந்துதான் முன்மாதிரி முறையை எடுத்துக்கொண்டார். ஆனால் பார்வைக்கு ஜாவா மாதிரி இருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் விருப்பம். பெயரையும் அப்படியே வைத்தார்கள். அந்தப் பெயர்க் குழப்பம் இன்றுவரை தீரவில்லை.

மாமல்லபுரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியாமல் போகாது. சிற்பக் கல்லூரியில் படித்த ஸ்தபதி தாள அளவைக் கணக்கிட்டு, முகம் இத்தனை, மார்பு இத்தனை என்று கோடு போட்டு வேலையைத் தொடங்குவார். அது கிளாஸ் வழி. பட்டறையில் பழகுகிற பையனோ, செய்து முடித்த பிள்ளையார் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்துச் செய்வான். அது முன்மாதிரி வழி. ஒரே ஒரு வேறுபாடு. பட்டறையில் புதுப் பிள்ளையாரைச் செய்து முடித்த பிறகு பழைய பிள்ளையாரின் தும்பிக்கை உடைந்தால் புதியதற்கு ஒன்றும் ஆகாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஆகும். ஏனென்றால் அங்கே நகல் எடுப்பதில்லை, சுட்டி நிற்கிறது. பஞ்ச ரதங்களில் திரௌபதி ரதமும் அர்ச்சுனன் ரதமும் ஒரே அடிமேடையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒன்று ஓலைக்குடிசை மாதிரி, மற்றொன்று அடுக்கு விமானம். கீழே மேடை ஒன்று. அந்த மேடைக்கு ஏதாவது நேர்ந்தால் இரண்டுக்கும் நேரும். ஆப்ஜெக்ட்டுகள் முன்மாதிரியின் மேல் நிற்பது அப்படித்தான்.

2015 ஜூனில் ஜாவாஸ்கிரிப்ட்டின் ஆறாம் பதிப்புத் தரநிலையில் 'கிளாஸ்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். பல விஷயங்களில் அது நல்லதுதான். எழுதுவது சுருக்கம், படிப்பது சுலபம். பின்னால் வந்த பதிப்புகளில், கிளாஸுக்குள் ஒரு பட்டியலை அறிவித்தால் ஆளுக்கு ஒன்று தனியாகப் பிறக்கும்படி செய்தார்கள். ஆகவே பிள்ளையாரும் புத்தரும் கலந்துபோன தப்பு அதில் அவ்வளவு சுலபமாக வராது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். பொதுவாக வேண்டியதற்கு 'ஸ்டாட்டிக்' என்று ஒரு சொல் இருக்கிறது. அப்படி அறிவித்தது கிளாஸின் பெயரிலேயே நிற்கும். பையனும் பில் எண்ணை அப்படி வைத்தான். பட்டியல் பிரிந்தது, பில் எண் 1, 2, 3 என்று ஓடியது. மாமனுக்கு மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி.

பிறகு மாமன், வெளியூர் கடைக்காரர்களுக்கு மொத்தமாகக் கொடுப்பதற்குத் தள்ளுபடி விலை வேண்டும் என்றார். பையன் 'வாடிக்கையாளர்' என்ற கிளாஸின் கீழ் 'மொத்த வியாபாரி' என்று ஒரு பிள்ளை கிளாஸைச் செய்தான். பதினான்கு பில் ஆகியிருந்தது. முதல் மொத்த வியாபாரிக்குப் பில் எண் 15. அடுத்து வந்த சாதாரண வாடிக்கையாளருக்கும் பில் எண் 15.

காரணம் அதே விதிதான். "யாருக்குப் பில் போடுகிறோமோ அவருடைய கிளாஸில் உள்ள எண்ணோடு ஒன்று கூட்டு" என்று அவன் எழுதியிருந்தான். மொத்த வியாபாரி கிளாஸில் எண் இல்லை. அதனால் மேலே போய் வாடிக்கையாளர் கிளாஸில் 14 என்று படித்தது. ஒன்று கூட்டி, 15 என்று மொத்த வியாபாரி கிளாஸின் சொந்தப் பதிவேட்டில் எழுதிக்கொண்டது. வாடிக்கையாளர் கிளாஸில் 14 அசையவில்லை. அடுத்தவர் வந்தபோது அங்கே மறுபடியும் ஒரு 15. அன்றிலிருந்து இரண்டு எண் வரிசை தனித்தனியாக ஓடத் தொடங்கியது. ஜாவாவில் இதே காரியத்தைச் செய்தால், பிள்ளை கிளாஸின் பெயரைச் சொல்லிக் கூட்டினாலும் அப்பனுடைய அந்த ஒரே எண்தான் கூடும். அங்கே பொது மாறி என்றால் உண்மையிலேயே ஒன்றுதான். இங்கே கிளாஸ் என்ற பலகையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், கடைக்குள் நடப்பது பழைய முன்மாதிரி வியாபாரம். ஏனென்றால் ஜாவாஸ்கிரிப்ட்டில் கிளாஸும் ஓர் ஆப்ஜெக்ட்தான். அதற்கும் முன்னால் ஒருவர் நிற்கிறார்.

ஒரே எண்ணில் இரண்டு பில் இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். ஜி.எஸ்.டி. விதி 46 என்ன சொல்கிறதென்றால், விலைப்பட்டியல் எண் தொடர் எண்ணாக இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டில் ஓர் எண் ஒரு முறைதான் வரலாம். ஆறேழு தொழிலாளிகளை வைத்துப் பிழைக்கும் ஒருவர், எங்கிருந்து இரண்டு 15 வந்தது என்று அதிகாரியிடம் விளக்க வேண்டியிருக்கும். "ஸ்டாட்டிக் போட்டேன் சார்" என்று அங்கே சொல்ல முடியாது. எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வரிசை எண் என்பது சாதாரண விஷயமில்லை. தபால் பதிவேட்டில் ஓர் எண் இரண்டு முறை வந்தால், அந்த இரண்டு தபாலில் ஒன்று என்றைக்காவது காணாமல் போகும்.

இனி எதிர்த்தரப்பு சொல்வதைப் பார்ப்போம். பையன் மூலமாகவும், தொழிலில் இருக்கும் என் உறவுக்காரப் பிள்ளைகள் மூலமாகவும் எனக்கு வந்த வாதங்கள் மூன்று.

முதலாவது, "ஆரம்பப் பாடத்தில் இதெல்லாம் எதற்கு? குழப்பம்தான் மிஞ்சும்." நான் சொல்வேன், பாதியைச் சொல்லி நிறுத்துவதுதான் குழப்பம். மேலே போய்ப் படிக்கும் என்பதைச் சொல்லிவிட்டு, எழுதுவது தன்னிடமே விழும் என்பதை மறைத்தால், மாணவன் தவறான விதி ஒன்றைத் தானே கற்பித்துக்கொள்வான். ஒன்றும் சொல்லாமல் இருப்பதைவிட அது மோசம். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் இலக்கணத்தில் விதிவிலக்கையும் விதியோடு சேர்த்து அன்றைக்கே சொல்லிவிடுவார். "நாளைக்குச் சொல்கிறேன் என்றால் இன்றிரவே நீ தப்பாக எழுதிப் பழகிவிடுவாய்" என்பார். இரண்டும் சேர்ந்ததுதான் பாடம்.

இரண்டாவது, "இது ஜாவாஸ்கிரிப்ட்டின் அசிங்கம். பைத்தான் மாதிரி நல்ல மொழியில் இது இல்லை." நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. ஆகவே இதைச் சொல்ல வேண்டும். பைத்தானில் கிளாஸ் என்பது மொழியோடு பிறந்த கிளாஸ்தான். ஆனாலும் கிளாஸில் வைத்த எண்ணை ஆப்ஜெக்ட் வழியாகக் கூட்டினால் அந்த ஆப்ஜெக்ட்டிடம் தனி எண் பிறக்கும். பிள்ளை கிளாஸின் பெயரில் கூட்டினால் பிள்ளை கிளாஸிடம் தனி எண் பிறக்கும். கிளாஸில் வைத்த பட்டியலில் சேர்த்தால் எல்லாருக்கும் சேரும். இரண்டு 15 அங்கேயும் விழும். தேடும் முறை ஒன்றாக இருக்கும்போது பெயர் வேறாக இருந்து என்ன பயன்? மொழியைத் திட்டுவதை விட்டுவிட்டு விதியைக் கற்றுக்கொடுங்கள்.

மூன்றாவது, "இப்போது செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது. பையன் இதையெல்லாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?" இதுதான் இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. எழுதித் தரட்டும். அலுவலகத்தில் எங்களுக்கும் வரைவு எழுதித் தர ஆட்கள் இருந்தார்கள். ஆனால் கீழே யார் கையெழுத்துப் போட்டாரோ அவர்தான் பொறுப்பு. பில் போடும் நிரலை எழுதியது எதுவாக இருந்தாலும், மாமன் முன்னால் போய் நிற்கப்போவது பையன். இரண்டு 15 வந்திருக்கிறது என்று காண்பதற்கே, வரக்கூடும் என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாதவன், அந்த நுண்ணறிவிடம் என்ன கேள்வியைக் கேட்பான்?

பகிர்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பகிர்வதில் பெரிய சௌகரியம் இருக்கிறது. ஆயிரம் வாடிக்கையாளர் இருந்தாலும் பில் கணக்கிடும் முறையை முன்மாதிரியில் ஒரு முறை எழுதினால் போதும். திருத்த வேண்டுமானால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடே. நான் எதிர்ப்பது, பகிர்கிறோம் என்று தெரியாமல் பகிர்வதை. புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சுச் சட்டம் தெரிந்தவர்களுக்கு 'எந்திவிசியோன்' என்ற சொல் தெரிந்திருக்கும். பிரிக்கப்படாத பொதுச் சொத்து என்று பொருள். அதில் யாரையும் கட்டாயப்படுத்தி வைத்திருக்க முடியாது, பங்கு கேட்டுப் பிரிந்துபோக உரிமை உண்டு என்கிறது அந்தச் சிவில் சட்டம். அண்ணன் தம்பி சேர்ந்து இருக்கலாம், தெரிந்து, ஒப்புக்கொண்டு. தெரியாமல் பொதுவில் கிடப்பதுதான் வழக்கில் முடிகிறது. நம் ஊரில் கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு, தன் பாகம் தனியாக இருக்கிறது என்று நம்பி வீடு கட்டியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே கற்பிப்பவர்களுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். கிளாஸ் என்ற சொல்லைச் சொல்லிக்கொடுங்கள், தவறில்லை. ஆனால் அதற்கு முன்பு ஒரு வகுப்பு, ஒரே ஒரு வகுப்பு, கம்ப்யூட்டரை மூடிவிட்டுத் தாளில் கட்டம் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் ஒரு கட்டம். அதிலிருந்து முன்மாதிரிக்கு ஓர் அம்பு. பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மதிப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது? இதை வேறு யார் யார் பார்க்கிறார்கள்? நான் எழுதினால் எந்தக் கட்டத்தில் விழும்? மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்தவனுக்கு நேர்முகத் தேர்வில் பயமில்லை. தெரியாதவனுக்கு 'கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ்' என்று மனப்பாடமாக ஒப்பிக்கத்தான் தெரியும். நகை அடகு வைத்துக் கட்டிய பணத்துக்கு அது போதாது.

கடைசியில் பையன் என்ன செய்தான் என்று சொல்ல வேண்டும். ஆர்டர் பட்டியலை, ஒவ்வொரு வாடிக்கையாளரும் உருவாகும் அந்த நேரத்திலேயே அவரவருக்குப் புதிதாக ஒன்று பிறக்கும்படி வைத்தான். பில் எண்ணை வாடிக்கையாளரிடமிருந்தே எடுத்துவிட்டான். 'பில் புத்தகம்' என்று தனியாக ஓர் ஆப்ஜெக்ட், அதில் எண். யாருக்குப் பில் போட்டாலும், அந்தப் புத்தகத்தின் பெயரைச் சொல்லித்தான் எண் வாங்க வேண்டும், அங்கேதான் எழுத வேண்டும். "பொதுவானது எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் இருக்கட்டும் தாத்தா" என்றான். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியமில்லை அது. அவனே சொன்னது.

இரண்டாவது 15ஆம் எண் பில்லை மாமன் வாடிக்கையாளருக்குப் போன் போட்டுத் திரும்ப வாங்கி, ரத்து என்று எழுதி, கோப்பில் வைத்து, புது எண்ணில் போட்டுக் கொடுத்தார். ரத்தான பில்லைக் கிழித்துப் போடாதே, கோப்பிலேயே இருக்கட்டும் என்று சொன்னது மட்டும் நான்.

உங்கள் வீட்டிலும் பேரனோ பேத்தியோ இந்தப் படிப்புப் படிக்கலாம். "எனக்கு இது வரவில்லை" என்று அவர்கள் சொன்னால், நமக்கு என்ன தெரியும் என்று விலகிப்போகாதீர்கள். கட்டம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எழுதினால் எங்கே விழும் என்று கேளுங்கள். பணிப்பதிவேடும் பஞ்சப்படி ஆணையும் பார்த்த கண்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.